தட்டி அடித்த பிறகு அளந்தாள்

இந்த மாதச் செய்திக்காக ரூத்தின் புஸ்தகம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஒருமுறை சத்தமாய் வாசித்துவிட்டுப் பிறகு இதைப் படியுங்கள். இருபத்துமூன்று வசனம்தான். சாதம் வேகுகிற நேரத்துக்குள் வாசித்து முடித்துவிடலாம்.

ரூத்தைப் பற்றிச் செய்தி என்றாலே நாம் முதலாம் அதிகாரத்திலேயே நின்றுவிடுகிறோம். மாமியாரை விட்டுப் பிரியாத மருமகளைக் காட்டி ஸ்திரீகள் கூட்டத்தில் பேசுவது எளிது. இல்லாவிட்டால் ஒரே தாவாய்த் தாவி நாலாம் அதிகாரத்துக்குப் போய், தாவீதின் வம்சவரலாற்றில் போய் நின்று அல்லேலூயா சொல்கிறோம். நடுவில் இருக்கிற இரண்டாம் அதிகாரத்தை யார் கவனிக்கிறார்கள்? அது ஒரு ஏழை விதவை காலையிலிருந்து சாயங்காலம்வரை வெயிலில் குனிந்த முதுகோடு வேலைசெய்த அதிகாரம். வீட்டில் வயதான ஒரு ஸ்திரீ, அடுப்பில் ஒன்றும் இல்லை. ரூத் ஜெபம் பண்ணிவிட்டு வானத்தைப் பார்த்து உட்காரவில்லை. எழுந்து வேலைக்குப் போனாள். கூடுதலாய் உழைப்பது அவிசுவாசம் அல்ல, பிரியமானவர்களே. கொரிந்துவிலே பவுல் அப்போஸ்தலன் ஆக்கில்லாவோடும் பிரிஸ்கில்லாளோடும் கூடாரம் தைத்தார் (அப்போஸ்தலர் 18:3). ஊழியக்காரனே இரண்டாவது வேலை செய்தார் என்றால், விசுவாசி செய்தால் என்ன?

ஆனால் பதினேழாம் வசனத்தில் ஒரு காரியம் இருக்கிறது. ரூத் சாயங்காலம்வரை கதிர் பொறுக்கினாள். பொறுக்கினதை அப்படியே கட்டாய்க் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தாளா? இல்லை! அங்கேயே தட்டி அடித்தாள். தாளும் பதரும் போனபின் மிஞ்சின தானியம் எவ்வளவு என்று பார்த்தாள். எபிரெய அளவில் ஏறக்குறைய ஒரு எப்பா, நம் கணக்கில் சுமார் 22 லிட்டர். அதைத்தான் தூக்கிக்கொண்டு நகோமியிடத்தில் போனாள். கட்டாய்ப் பார்த்தால் மலைபோல் இருந்திருக்கும். தட்டி அடித்த பிறகு இருந்ததுதான் சாப்பாடு.

இதை ஏன் இந்த மாதம் எடுத்தேன் என்றால், கொஞ்ச காலமாய் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுக்கிறவர்களில் பலர் ஒரே காரியத்தை எழுதுகிறார்கள். "பாஸ்டர், சனி ஞாயிறுக்கு ஒரு வேலை வந்திருக்கு, ஜெபம் பண்ணுங்க." ஜவுளிக்கடை, கேட்டரிங், கல்யாண மண்டபம், வாசல் காவல், வீட்டுக்கு வீடு பார்சல் கொடுக்கிற வேலை. எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டால் எல்லாரும் கதிர்க்கட்டைத்தான் சொல்கிறார்கள். "ஒரு நாளைக்கு எழுநூறு." "எட்டுநூறு தர்றேங்கிறாங்க." தட்டி அடித்த பிறகு எத்தனை என்று கேட்டால், பதில் இல்லை.

நம் சபையில் ஒரு சகோதரன். பெயரைப் போடவேண்டாம், கணக்கை மட்டும் போடுங்கள், நாலு பேருக்குப் பிரயோஜனமாய் இருக்கட்டும் என்று சொன்னபடியால் இதை எழுதுகிறேன். சிங்கப்பெருமாள் கோவிலில் குடியிருக்கிறார். மறைமலை நகரில் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷினில் வேலை. ஆர்டர் குறைந்து, கம்பெனியில் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்று ஆக்கிவிட்டார்கள். ஓவர்டைமும் நின்றுபோயிற்று. அந்த நேரம் பார்த்து பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு. வெளியிலே 60,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார், நூற்றுக்கு மூணு ரூபாய் வட்டி. மாதம் பிறந்தால் 1,800 ரூபாய் வட்டிக்கே எடுத்துவைக்க வேண்டும். அசல் அசையவே இல்லை. அப்போதுதான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சனியும் ஞாயிறும் ஆள் கேட்டார்கள். நாளைக்கு 700 ரூபாய், மதியச் சாப்பாடு கடையிலே.

புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் போனபின் நின்றுகொண்டிருந்தார். "ஐயா, ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வராம வேலைக்குப் போனா பாவமா?" என்றார்.

அவருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. ஆராதனைக்கு வராவிட்டால் கர்த்தர் அடிப்பார், பிள்ளைக்கு மறுபடி வியாதி வரும் என்று பயமுறுத்துகிற பிரசங்கம் உண்டு. அந்தப் பிரசங்கத்தை நான் செய்கிறதில்லை. கடன்காரன் வாசலில் நிற்கிற மனுஷனை மேடையிலிருந்து இன்னொரு தரம் மிரட்டுவது மேய்ப்பனுடைய வேலை அல்ல. அதேபோல, "தாராளமாப் போங்க பிரதர், கர்த்தர் ஆசீர்வதிப்பார்" என்று தலையில் கைவைத்து அனுப்பிவிடுவதும் எனக்குச் சரியாய்ப் படவில்லை. "தம்பி, முதல்ல உக்காருங்க" என்றேன். லூக்கா 14-ம் அதிகாரத்தில் கோபுரம் கட்ட நினைக்கிற மனுஷனைப் பற்றி ஆண்டவர் சொல்லும்போது, அவன் முதலாவது செய்யவேண்டிய வேலை என்ன? உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பது. நின்றுகொண்டு கணக்குப் பார்த்தால் கணக்குத் தப்பும். ஜெபக்குறிப்புச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுத ஆரம்பித்தோம்.

மாதத்துக்கு நாலு வாரம், எட்டு நாள். 700 வீதம் 5,600 ரூபாய். இது கதிர்க்கட்டு.

இப்போது தட்டுவோம். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து கூடுவாஞ்சேரி, வண்டலூர், தாம்பரம், கிண்டி வழியாய் தி.நகர் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அவருடைய பைக் அந்த நெரிசலில் லிட்டருக்கு 45 கொடுக்கிறதாம். ஆக நாளைக்கு இரண்டு லிட்டர். லிட்டர் ஏறக்குறைய நூறு ரூபாய் என்று வைத்தால் 200 ரூபாய். எட்டு நாளைக்கு 1,600. வண்டி நிறுத்த நாளைக்கு 25, அது ஒரு 200. சாயங்காலம் டீ, ராத்திரி வரும் வழியில் நாலு இட்லி, 80 வீதம் 640. "டீக்கெல்லாம் கணக்கு எழுதணுமா ஐயா?" என்றார். எழுதத்தான் வேணும். வீட்டில் இருந்தால் அந்த டீ வீட்டுப் பாலில் போகும். அப்புறம் வண்டி. மாதத்தில் 720 கிலோமீட்டர் கூடுதலாய் ஓடினால் ஆயில், டயர், செயின், பிரேக் ஷூ எல்லாம் தேயாதா? ஓடுகிற அன்றைக்குக் காசு கேட்காது. ஆறு மாதம் கழித்து மெக்கானிக் கடையில் மொத்தமாய்க் கேட்கும். மாதம் 300 என்று போட்டோம்.

செலவு 2,740. மிஞ்சுவது 2,860 ரூபாய்.

அவர் பேனாவை வாங்கி மறுபடியும் கூட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

அடுத்து நேரம். காலை 10 மணிக்குக் கடையில் இருக்க வேண்டுமானால் எட்டே காலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும். ராத்திரி ஒன்பதரைக்குக் கடை சாத்தி, வீட்டுக்கு வரும்போது பதினொன்றே கால். ஆக ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம், மாதத்துக்கு 120 மணி நேரம். கடையில் நிற்கிற நேரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மணிக்கு 61 ரூபாய் கிடைக்கிற வேலை என்று தோன்றும். வாசற்படி தாண்டினதிலிருந்து திரும்பி வாசற்படி மிதிக்கிற வரைக்கும் கணக்குப் போட்டால் மணிக்கு 24 ரூபாய்கூட இல்லை. நிற்கிற நேரம் என்றா சொன்னேன், ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டசபையில் சட்டத்திருத்தமே கொண்டுவரவேண்டியதாயிற்று. அப்படி நின்ற கால்களோடு ராத்திரி பத்து மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டி வரவேண்டும்.

"ரயில்ல போனா?" என்று அவரே கேட்டார். நல்ல கேள்வி. மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டித்தான் ரங்கநாதன் தெரு. நடந்தே கடைக்குப் போய்விடலாம். புறநகர் ரயில் டிக்கெட் பெட்ரோல் செலவில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. மாத சீசன் எடுக்கலாமா என்று யோசித்தோம். சீசன் டிக்கெட் ஏறக்குறைய 15 ஒற்றைப் பயணக் கட்டணத்துக்குச் சமம். எட்டு நாள் போய்வந்தால் 16 பயணம். ஆகையால் அதில் பெரிய லாபம் இல்லை. ஒரு வாரம் உடம்புக்கு முடியாமல் நின்றுவிட்டால் நஷ்டம். சரி, டிக்கெட்டுக்கும் இங்கே ஸ்டேஷனில் வண்டி விடுவதற்கும் சேர்த்து மாதம் 500 என்று தாராளமாகவே வைத்தோம். அப்போது கையில் மிஞ்சுவது 4,460 ரூபாய். பைக்கைவிட 1,600 அதிகம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் பிளாட்பாரத்தில் காத்துக்கிடக்கவேண்டும். நாளைக்குப் பதினாறு மணி நேரம் ஆகும் என்றார். மணிக்கு 35 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே.

பாருங்கள், அதே வேலை, அதே சம்பளம்! போகிற வழி மாறினவுடன் கணக்கு எப்படி மாறுகிறது! இப்படிப்பட்ட வேலைக்கு ரயிலடியை ஒட்டி வீடு இருக்கிறவனுக்கும், இரண்டு பஸ் மாறி, மிச்சத்துக்கு ஷேர் ஆட்டோ பிடிக்கிறவனுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. மதுராந்தகம் பக்கத்திலிருந்து வருகிற நம் விசுவாசிகளைக் கேளுங்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தபின், அங்கே இறங்கி வேறு பஸ் பிடித்தல்லவா ஊருக்குள் போகிறார்கள்? அதுவரை ஒரே பஸ்ஸில் போனவர்களுக்கு ஒரு காத்திருப்பு கூடிப்போயிற்று. இன்னொரு பக்கம், 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபோது, நம் சபையில் ஒரு தாயார் அதுவரை கட்டுப்படியாகாது என்று விட்டிருந்த சமையல் வேலைக்கு சனிக்கிழமைதோறும் தாம்பரம் போக ஆரம்பித்தார்கள். அவர்களுக்குக் கதிர்க்கட்டு முழுவதும் தானியமாகவே வந்தது. ஆகவே தூரத்து வேலை என்றாலே கூடாது என்று நான் சொல்லுகிறேன் என்று ஒருவரும் எடுத்துக்கொள்ளவேண்டாம்.

மறுபடியும் நம் சகோதரனிடம் வருவோம். காகிதத்தில் எழுத முடியாத ஒன்று பாக்கி இருந்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவருக்கு முதல் ஷிப்ட். ஞாயிறு ராத்திரி பதினொன்றே காலுக்கு வந்து, குளித்துப் படுத்து, விடியற்காலம் நாலரைக்கு எழுந்து, பிரஸ் மிஷினுக்கு முன் நிற்கவேண்டும். அந்த மிஷினில் தூக்கக் கலக்கத்துக்கு மன்னிப்பு இல்லை. விரலை எடுத்துவிடும்! முடியாமல் ஒரு திங்கட்கிழமை லீவு போட்டாலோ, அன்றைய சம்பளமும் போய், லீவு எடுக்காமல் வந்தால் தருகிற அட்டெண்டன்ஸ் போனஸும் போய்விடும். இரண்டு நாள் தி.நகரில் நின்று சம்பாதித்தது ஒரு காலையில் கரைந்துவிடும். ஆறாம் நாளில் இரட்டிப்பாய் மன்னா கொடுத்த தேவன், ஏழாம் நாளில் வெளியே போனவர்களுக்கு வயலில் ஒன்றும் வைக்கவில்லை என்று யாத்திராகமம் 16-ல் பார்க்கிறோம். ஜனங்களைத் தண்டிக்கவா? அடிமைகளாய் எகிப்தில் இருந்தபோது அவர்களுக்கு ஓய்வுநாள் இருந்ததா? விடுதலையான ஜனத்துக்குத் தேவன் முதலாவது பழக்கிக் கொடுத்த காரியங்களில் ஒன்று, ஒரு நாள் நின்று மூச்சுவிடுவது. 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டமும் வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை கொடுக்கவேண்டும் என்றுதான் எழுதிவைத்தது. பத்து நாளில் பிரஸ் மிஷின் என்ன செய்யும் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

அவருடைய மனைவி அடுத்த நாள் வந்தார்கள். காகிதத்தைப் பார்த்தார்கள். நகோமியும் இப்படித்தான் கேட்டாள், இன்றைக்கு எங்கே பொறுக்கினாய் என்று. வீட்டில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு, கணவன்மார்களே! அந்தச் சகோதரி கேட்டது இதுதான்: "பாஸ்டர், இவர் இப்படி ஓடினா கடன் எப்போ முடியும்?"

அந்தக் கேள்வியை நாங்கள் இருவரும் கேட்கவே இல்லை! எவ்வளவு வரும் என்றுதான் பார்த்தோம், எப்போது முடியும் என்று பார்க்கவில்லை. மறுபடி கணக்கு. மூணு வட்டியிலேயே கடனை வைத்துக்கொண்டு, பைக்கில் சனியும் ஞாயிறும் போய், மிஞ்சுகிற 2,860 ரூபாயை வட்டியோடு சேர்த்து மாதாமாதம் கட்டினால், கடன் கொடுத்தவர் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாய் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தால், பதினேழு மாதம் ஆகும். பதினேழு மாதம் ஆராதனை இல்லை, பிள்ளைகளோடு ஒரு பகல் இல்லை, திங்கட்கிழமை தூக்கம் இல்லை.

அப்போது நான் அந்தச் சகோதரியிடம் ஒரு காரியம் கேட்டேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. நாம் பெந்தெகொஸ்தேக்காரர், நகை போடுகிறதில்லை. ஞானஸ்நானம் எடுத்த அன்று கழற்றினதுதான். ஆனால் கழற்றினதெல்லாம் எங்கே போயிற்று? பீரோவுக்குள் துணிக்கு அடியில், மஞ்சள் பையில் இருக்கிறது! சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் இருக்கிறது. "மகளே, அம்மா வீட்டுல போட்டது ஏதாவது இருக்கா?" என்றேன். ஒரு சங்கிலி இருந்தது. அவர்கள் கண் கலங்கிவிட்டது. கழுத்தில் போடுகிறதில்லை என்றாலும் தாயார் கையால் போட்டது அல்லவா? நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. விற்கச் சொல்லவில்லை, அடகு வைக்கவும் சொல்லவில்லை. கணக்கை மட்டும் எழுதிக் காட்டினேன்.

கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ நகைக்கடன் வாங்கினால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்குள்தான் வட்டி. ஒரு ரூபாய் என்றே வைத்தாலும் 60,000 ரூபாய்க்கு மாதம் 600. இப்போது கட்டுவது 1,800. ஒருவரும் எங்கும் போகாமல், ஒரு சொட்டு பெட்ரோல் எரியாமல், மாதம் 1,200 ரூபாய் வீட்டிலேயே நிற்கிறது. பைக்கில் தி.நகர் ஓடிச் சம்பாதிக்கிறதில் மூன்று நாளைக்கு மேலான பணம் அது! கடன் இருக்கிறவர்கள் இரண்டாவது வேலை தேடுவதற்கு முன், அந்தக் கடன் என்ன வட்டியில் இருக்கிறது என்று பாருங்கள். ஆகாய் தீர்க்கதரிசி சொன்ன பொத்தல் பை, ஞாபகம் இருக்கிறதா? பையில் இன்னும் போடுவதற்கு ஓடுகிறோம். ஊசி நூல் எடுத்துப் பொத்தலைத் தைப்பதற்கு நமக்கு மனசு வருகிறதில்லை, ஏனென்றால் அதற்கு பீரோவைத் திறக்கவேண்டும்.

இதற்கிடையில் சகோதரன், மறைமலை நகரிலேயே கட்டிட சாமான்கள் விற்கிற ஒரு கடையில் விசாரித்து வந்தார். சனிக்கிழமை மட்டும் சரக்கு இறக்கவும், இருப்பு எண்ணி எழுதவும் ஆள் வேண்டுமாம். காலை ஒன்பதிலிருந்து ஆறு. சம்பளம் 550. தி.நகர் 700-க்கு முன்னால் 550 அவருக்குச் சின்னதாய்த் தெரிந்தது. தட்டிப் பார்த்தோம். நாலு சனிக்கிழமைக்கு 2,200. பெட்ரோலும் டீயும் நாளைக்கு 40 ரூபாய், மொத்தம் 160. மிஞ்சுவது 2,040. வீட்டைவிட்டு வெளியே இருக்கிற நேரம் ஒன்பதரை மணி. ஆக மணிக்கு 53 ரூபாய்க்கு மேல்! சம்பளம் குறைவான வேலை, மணிக்கணக்கில் இரண்டு மடங்கு கொடுக்கிறது. போவாஸ் ரூத்திடம் வேறு வயலுக்குப் போகவேண்டாம், இங்கேயே இரு என்றான். அது பாதுகாப்புக்காகச் சொன்னது, கூலிக்காக அல்ல. ஆனாலும் பக்கத்து வயலின் மதிப்பு நமக்கு ஏன் தெரிவதில்லை என்று இதைப் பார்த்தபோது எனக்குத் தோன்றிற்று.

கடைசிக் கணக்கு. கடனை நகைக்கடனாய் மாற்றி, சனிக்கிழமை மட்டும் பக்கத்துக் கடையில் வேலைசெய்து, வட்டியில் மிச்சமான 1,200-ஐயும் சேர்த்துக் கட்டினால் பதினெட்டு மாதம். இரண்டு நாளும் பைக்கில் தி.நகர் ஓடி, மூணு வட்டியிலேயே இருந்தால் பதினேழு மாதம். ஒரே ஒரு மாதம்தான் வித்தியாசம்! ஆனால் நான் மறைக்காமல் சொல்லவேண்டும்: நகைக்கடனாயும் மாற்றி, ரயிலில் இரண்டு நாளும் தி.நகர் போனால் பத்துப் பதினோரு மாதத்திலேயே சங்கிலியை மீட்டுவிடலாம். ஏழெட்டு மாதம் முந்தி. அதை மறைத்துவிட்டு அவரை ஞாயிறு ஆராதனைக்கு வரவைத்தால், அது கள்ளத்தராசு அல்லவா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அவர்கள் கையில் கொடுத்துவிட்டேன். வீட்டில் ஜெபம்பண்ணி முடிவு எடுங்கள், எது எடுத்தாலும் நான் உங்கள் பாஸ்டர்தான் என்றேன்.

ஒரு வாரம் கழித்து அந்தச் சகோதரி வங்கிச் சீட்டைக் கொண்டுவந்து பாஸ்டரம்மாவிடம் காட்டினார்கள். அவர்கள் பதினெட்டு மாதத்தைத் தெரிந்துகொண்டார்கள். "ஏழு மாசம் போனா போகட்டும் அம்மா, திங்கக்கிழமை காலையில பத்து விரலோட அவர் வேலைக்குப் போகணும்" என்றார்களாம். இது எழுதும்போது மூன்று மாதம் ஆயிற்று. வருஷம் முடிந்ததும் நகைக்கடனைப் புதுப்பிக்கவேண்டியிருக்கும். அதற்கு இப்பொழுதே தனியாய்க் கொஞ்சம் எடுத்துவைக்கிறார்கள். சென்ற மாதம் சகோதரனுக்குக் காய்ச்சல், ஒரு சனிக்கிழமை போகவில்லை. அந்த மாதம் குறைவாய்த்தான் கட்டினார்கள். அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒருவர், பெட்ரோலைக் கழித்துவிட்டுத் தசமபாகம் கொடுப்பதா, கழிக்காமல் கொடுப்பதா என்று சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். அதற்கு வேறொரு மாதம் வருகிறேன். முதலில் தானியம் வீடு வந்து சேரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தவிர்க்கவே முடியாதவர்கள் நம் நடுவில் இருக்கிறீர்கள் என்று அறிவேன். நர்ஸ் சகோதரிகள், பஸ் ஓட்டுகிற சகோதரர்கள், மின்வாரியத்தில் இருக்கிறவர்கள், ராத்திரிக் காவலுக்குப் போகிறவர்கள். உங்களை மனதில் வைத்து நான் இதை எழுதவில்லை. நீங்கள் வேலைசெய்யாவிட்டால் ஆஸ்பத்திரியில் இருக்கிறவர்கள் என்ன ஆவார்கள்? உங்களுக்காக ஞாயிறு விடியற்காலம் ஐந்தரை மணிக்கு ஜெப அறையில் ஒரு மணி நேர ஆராதனை நடக்கிறது. யூனிபார்மோடே வாருங்கள். முதலாம் ஞாயிறு திருவிருந்தும் அப்போதே உண்டு.

இன்னும் ஒரு வசனம் இருக்கிறது, இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனம். ரூத் எதுவரைக்கும் கதிர் பொறுக்கினாள்? வாற்கோதுமை அறுப்பும் அதன்பின் கோதுமை அறுப்பும் முடிகிறவரைக்கும். பஸ்கா காலத்தில் தொடங்கி பெந்தெகொஸ்தே பண்டிகை வரைக்கும், ஏறக்குறைய ஏழு வாரம். அதனால்தான் யூதர்கள் இன்றைக்கும் அந்தப் பண்டிகையில் ரூத்தின் புஸ்தகத்தை வாசிக்கிறார்கள். அவளுடைய வேலைக்கு முடிவு இருந்தது. நம்மில் சிலர் பிள்ளையின் பீஸுக்காக என்று ஆரம்பித்த சனி ஞாயிறு வேலையை, பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போனபிறகும் விடவில்லை. முதலில் பீஸ், பிறகு பெரிய டிவி, பிறகு அந்த டிவி வைக்க மாடி. எதற்காக ஆரம்பித்தோம் என்பதே மறந்துபோயிற்று.

ஆகையால் ஒரு காரியம் கேட்கிறேன். இரண்டாவது வேலைக்கு ஜெபக்குறிப்பு எழுதுகிறவர்கள் இனிமேல் சீட்டில் மூன்று காரியம் எழுதிக் கொடுங்கள். வழிச்செலவும் சாப்பாடும் போக மாதம் எத்தனை மிஞ்சும், அது எந்தத் தேவைக்கு, எந்த மாதம் எந்த வருஷத்தில் அந்த வேலையை விடுவீர்கள். கணக்குப் போடத் தெரியாவிட்டால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குமேல் ஜெப அறைக்கு வாருங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்காருவோம். நீங்கள் எழுதுகிற அந்தத் தேதியை என் ஜெப நோட்டில் குறித்துவைப்பேன். அந்த மாதம் வரும்போது ஆராதனை முடிந்து வாசலில் நின்று, "விட்டாச்சா தம்பி?" என்று கேட்பேன்.